ஐம்பது தறிக்குக் கீழே

பாவு பிணைக்க உட்கார்ந்தால் பெரியக்கா யாரிடமும் பேசமாட்டாள். தறியில் நெடுக்காக ஓடி முடிந்த பாவின் இழை நுனியையும் புதுப் பாவின் இழை நுனியையும் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு அடுத்த இழை. தறிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து ஆயிரக்கணக்கான இழைகளை இப்படி இணைக்க வேண்டும். நடுவில் பேச்சு வந்தால் ஓர் இழை தப்பும். ஓர் இழை தப்பினால் துணி நெடுக ஒரு கோடு விழும். அதனால் அன்று வாசலில் கார் வந்து நின்றதும், வெள்ளைச் சட்டைக்காரர்கள் நாலு பேர் இறங்கி அலுவலக அறைக்குள் போனதும் தெரிந்தும் அவள் தலையைத் தூக்கவில்லை.

மில் முதலாளியின் மனைவி தறிக்குப் பின்னால் சாம்பல் கையோடு உட்கார்ந்திருப்பது அந்தத் தெருவுக்குப் பழகிப்போன காட்சி. வீட்டில் சும்மா இருந்தால் கை அரிக்கிறது என்பாள். அவளும் அவள் தங்கையும் சிறுவயதிலேயே எதிர்மில்லில் நூல் சுற்றப் போனவர்கள். அங்கே வைத்த பெயர்தான் பெரியக்கா, சின்னக்கா. அதே எதிர்மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் அவள் கணவர். எதிர்மில்காரர் பழைய இரும்புக்குப் போட வைத்திருந்த இரண்டு தறிகளை அவர் கெஞ்சி வாங்கி, வாடகை வீட்டின் பின்னறையில் பூட்டி ஓட்டினார். சுவர் அதிர்கிறது, தூக்கம் போகிறது என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தபோது, அவருக்கு இரண்டு வேட்டி நெய்து கொடுத்து வாயை அடைத்தார்கள். இரண்டு நாலாகி, நாலு பத்தாகி, இப்போது நூற்றுச் சொச்சம் தறிகள். ஆள் வளர்ந்தாலும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிய பழக்கம் மட்டும் போகவில்லை. வீட்டில் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள் என்று சின்னக்கா கேலி செய்வாள்.

வந்தவர்கள் மில் உரிமையாளர் சங்கத்து ஆட்கள். எதிர்மில்காரர்தான் தலைவர். அவர்கள் கேட்டது இதுதான்: நூல் வரி கழுத்தை நெரிக்கிறது, நாடாளுமன்றத்தில் நம் பிழைப்பு தெரிந்த ஒருவர் வேண்டும், இந்தத் தேர்தலில் நீங்கள் நிற்க வேண்டும். செலவெல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் தறி ஓட்டி மேலே வந்தவர், தொழிலாளிகள் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். கடைசிக் காரணத்தை எதிர்மில்காரர் ஒளிக்காமலே சொன்னார்.

அன்று மாலை முதலாளி மனைவியிடம் வந்து நின்றார். அவள் விரலில் ஒட்டிய சாம்பலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"போறதுன்னா போங்க. ஆனா போனா வாயத் திறக்கணும். அங்க போயி தூங்கறதுக்கு இங்கயே தூங்கலாம்."

"என் வாயத் திறந்தா ஊரே ஓடுமேன்னு நீதானே சொல்லுவ?"

"ஓடட்டும். அதுக்குத்தான் அனுப்பறாங்க."

அவர் நின்றார். காலையிலிருந்து மாலை வரை தெருத்தெருவாக நடந்தார். எதிர்மில்காரர் தன் ஜீப்பைக் கொடுத்திருந்தார். வேலை முறை மாறும் நேரத்தில் ஒவ்வொரு மில் வாசலிலும் நின்று கும்பிட்டார். எதிர்மில் வாசலில் நின்றபோது கூட்டத்திலிருந்து சின்னக்கா முன்னால் வந்தாள். அக்கா புருஷன் மில்லில் அவளுக்கு எப்போது வேண்டுமானாலும் வேலை உண்டு. அவள்தான் வரமாட்டேன் என்றிருந்தாள். சொந்தக்காரரிடம் கூலிக்கு நின்றால் மனசாரச் சண்டை போட முடியாது என்பது அவள் கட்சி. சண்டை போடாமல் அவளால் ஒரு வாரம் வேலை செய்ய முடியாது என்பது ஊரறிந்தது.

"மாமா, நீங்க ஜெயிச்சா நூல் விலை இறங்கும். ரொம்ப சந்தோஷம். எங்க பின்கதவுச் சங்கிலி எப்ப இறங்கும்?" என்று கேட்டாள்.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்து, பார்க்கலாம் என்றார். பின்கதவு வழியாகத் துணி வெளியே போகிறது என்று எல்லா மில்லிலும் முறை தொடங்கியதும் ஒரு கதவைப் பூட்டிவிடுவார்கள். அவர் மில்லிலும் முன்பக்கம் இருந்த இரண்டு கதவுகளில் ஒன்றுக்குப் பூட்டுத்தான். அது அன்றைக்கு யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு பிற்பகலில் பெரியக்காவுக்குக் கருகிய நூல் வாசனை வந்தது. தறி மோட்டார் சூடானால் வரும் வாசனை வேறு. இது மூட்டையாக எரிகிற வாசனை. அவள் பிணைத்துக்கொண்டிருந்த இழையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். எதிர்மில்லின் முன்வாசலில் நூல் மூட்டைகள் அடுக்கியிருந்த இடம் முழுக்கக் கரும்புகை. முன்வரிசைக்காரர்கள் வெளியே ஓடிவந்திருந்தார்கள். இனி உள்ளே போகவோ வெளியே வரவோ வழியில்லை. அவள் சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். அங்கே ஏற்கெனவே ஆண்கள் ஒரு பாவு உருளையைத் தூக்கிக் கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். சாவி மேலாளரிடம். மேலாளர் வெளியே போயிருந்தார். உள்ளிருந்து முதலில் கேட்ட தட்டல், இவர்கள் சங்கிலியை உடைக்கும்போது நின்றிருந்தது.

சங்கிலி அறுந்த பிறகும் கதவு திறக்கவில்லை. அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. அதன்மேல் ஐந்து பெண்கள் சாய்ந்து கிடந்தார்கள். கதவைக் கீல்களோடு பெயர்த்துத்தான் எடுத்தார்கள். சின்னக்கா எல்லோருக்கும் அடியில் இருந்தாள். முதலில் வந்து சேர்ந்தவள் அவள்தான். முகத்தில் காயம் ஒன்றும் இல்லை. மூக்கைச் சுற்றி மட்டும் மை தீட்டியதுபோல் கறுத்திருந்தது. பெரியக்கா தன் கையாலேயே அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க உள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

முதலாளி ஓட்டுக் கேட்கப் போன இடத்திலிருந்து ஓடிவந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அழக்கூடச் சத்தம் வரவில்லை.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்த மறுநாள் காலை, முதல் முறைக்கு ஆட்கள் வந்து நிற்கும்போது அவர் சுத்தியலோடு தன் மில் வாசலில் இருந்தார். சாவியை எடுத்து வருகிறேன் என்று காவலாளி ஓடினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பூட்டை அடித்தே உடைத்தார். நல்ல பூட்டு, நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை, போனால் விடமாட்டார் என்று தெரியும். பெரியக்கா சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இது நம்ம ஒரு கதவு. மத்த மில்லுக் கதவு?"

சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். நடந்தது விபத்து, போலீஸ் விசாரிக்கிறது, தேர்தல் பேச்சில் அதை இழுக்க வேண்டாம் என்று நயமாகச் சொன்னார்கள். அன்று மாலைக் கூட்டத்தில் அவர் அதைத் தவிர வேறெதையும் பேசவில்லை. நூல் வரி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. மறுநாள் ஜீப் வரவில்லை. அவர் நடந்தார். அவருக்குப் பின்னால் முறை முடிந்த தறிக்காரர்கள் பஞ்சுத் தூசி ஒட்டிய தலையோடு நடந்தார்கள். செலவுக்கு ஆளில்லாத அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்தார்.

உறுப்பினரான பிறகு தொழில் அவர் பெயரில் இருக்கக் கூடாது என்றார்கள். தறிகளை மகன் பெயருக்கும் கட்டடத்தை மனைவி பெயருக்கும் எழுதிவைத்துவிட்டு ஒரு பெட்டியோடு தலைநகருக்கு ரயில் ஏறினார். மகன் படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன், இரண்டு வருடமாக மில்லை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். பின்சுவரில் ஒரு கதவு வைக்க வேண்டும் என்று புறப்படும்போது அவனிடம் சொன்னார். அந்தப் பக்கம் ஒட்டி இருப்பது மரக்கடைக்காரர் இடம், பேசிப் பார்க்கிறேன் என்றான் அவன். பேச நேரம் வரவில்லை.

தலைநகரில் உறுப்பினர்களுக்கான விடுதியில் அவருக்கு ஓர் அறை. அமைதி தாங்காமல் முதல் மாதம் தூக்கமே வரவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். தறிச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பட்டுமா என்று மனைவி கேட்டாள். அவர் சிரிக்கவில்லை, அனுப்பு என்றார். நிஜமாகவே அனுப்பினாள்.

அவையில் அவர் முதன்முதலாக எழுந்து பேசிய நாளில் மில் அலுவலகத்தில் தொலைக்காட்சியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். இரண்டு வாக்கியம் போவதற்குள் அவைத் தலைவர் குறுக்கிட்டு, மாண்புமிகு உறுப்பினரின் முன்னால் ஒலிபெருக்கி இருக்கிறது, இத்தனை உரக்கப் பேசத் தேவையில்லை என்றார். அவையில் சிரிப்பு. அவர் காதைப் பிடித்துக்கொண்டு, தறிக்கூடத்தில் ஒரு காது போய்விட்டது, எனக்கே கேட்க வேண்டாமா என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. பிறகு அந்தக் கதவைப் பற்றிச் சொன்னார். உள்பக்கம் திறக்கும் கதவு என்றார். யார் யார் எந்த வரிசையில் கிடந்தார்கள் என்று சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. மில்லில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தறிக்குத் திரும்பினார்கள்.

அவர் கொண்டுவந்த மசோதா சின்னது. எல்லா ஆலையிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கதவு; இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும்; உள்ளே ஓர் ஆள் இருக்கும்வரை பூட்டக் கூடாது; மீறினால் முதலாளிக்குச் சிறை. அதைக் குழுவுக்கு அனுப்பினார்கள். குழு ஒத்திவைத்தது. அவர் விடவில்லை. உறுப்பினர்களை நடைபாதையில் மறித்தார், உணவகத்தில் எதிரில் போய் உட்கார்ந்தார். கழிவறை வாசலில்கூட ஒரு மந்திரி தப்பவில்லை. அவரைக் கண்டால் கதவு வருகிறது, கதவு வருகிறது என்று கண்ணைக் காட்டிக்கொள்ளும் அளவுக்கு அது அவர் பட்டப்பெயரே ஆயிற்று. அதையும் அவர் மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

கடைசியில் குழு இறங்கி வந்தது, ஒரு நிபந்தனையோடு. சின்ன மில்காரர்கள் செலவு தாங்கமாட்டார்கள், அவர்களுக்கு விலக்கு வேண்டும். இருநூறு தறிக்குக் கீழே இருந்தால் சட்டம் பொருந்தாது என்றார்கள். அவர் சண்டை போட்டு நூறுக்குக் கொண்டுவந்தார். மறுபடி சண்டை போட்டு ஐம்பதுக்குக் கொண்டுவந்தார். அதற்குக் கீழே ஒரு தறிகூட இறங்கமாட்டோம் என்றார்கள். ஒப்புக்கொண்டால் இந்தக் கூட்டத்தொடரிலேயே சட்டம். இல்லையென்றால் மசோதா செத்துவிடும்.

அன்று மதியம் அவர் வீட்டுக்குத் தொலைபேசினார். பெரியக்கா சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்தாள்.

"என்ன பண்ணட்டும்?" என்றார்.

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"ஒண்ணுமே இல்லாம வர்றதுக்கு இது மேலன்னு தோணுது. பெரிய மில்லு எல்லாத்துக்கும் கதவு வந்துரும். நம்ம தெருவுல பாதி பேரு தப்பிச்சுருவாங்க."

"மீதிப் பாதி?"

குழு இதற்குக் கீழே இறங்காது என்றார் அவர். அவள் விடவில்லை.

"சட்டம் கிட்டம் எனக்குத் தெரியாதுங்க. ஐம்பது தறிக்குக் கீழ வெச்சிருக்கறவன் மில்லுல புகை கொஞ்சமாத்தான் வருமா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

வைக்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். மாலையில் அவர் ஒப்புக்கொண்ட செய்தி தொலைக்காட்சியில் வந்தது. அவள் அதற்காக அவரோடு சண்டை போடவில்லை. அங்கே தனியாக எத்தனை பேரோடு மல்லுக்கட்டினார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று பிணைத்த பாவில் மூன்று இழை தப்பியது.

சட்டம் நிறைவேறி அவர் ஊர் திரும்பிய அன்று தெருவே ரயில் நிலையத்துக்குப் போயிற்று. கூட்டத்தில் அவர் தோளில் கை போட்டவர்கள், அழுதவர்கள், சட்டையைப் பிடித்து இழுத்தவர்கள். சின்னக்காவின் பெண் வந்து காலைக் கட்டிக்கொண்டபோதுதான், சுடுகாட்டில் வராத சத்தம் அவருக்கு வந்தது. ஊர் முழுக்கக் கேட்கும்படி அழுதார். நாலு நாள் இருந்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார்.

அவர் போன மறுவாரம் தெருவுக்குள் செங்கல் லாரி வந்தது. எதிர்மில்லில் இறக்கினார்கள். கதவு வைக்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெயர்த்த பின்கதவு இருந்த ஓட்டையை முதலில் அடைத்தார்கள். கதவே இல்லையென்றால் பூட்டு எங்கே என்று கேட்க ஆளில்லை. பிறகு தறிக்கூடத்துக்குள் குறுக்கே சுவர் எழும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. இருநூறுக்குக் கொஞ்சம் குறைவாகத் தறி வைத்திருந்த எதிர்மில் நாலு மில்லானது. ஒன்று அவர் பெயரில், மற்றவை மனைவி, மருமகன், தம்பி பெயர்களில். எதிலும் ஐம்பது தறி இல்லை. சோதனைக்கு வந்த அதிகாரி தறிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று டீ குடித்துவிட்டுப் போனார். நாலு தறி பார்த்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு இரண்டு தறி சுவருக்கு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் என்றாகிவிட்டது. அவள் நாள் முழுக்கச் சுவரில் விட்டிருந்த இடுக்கு வழியாக உடம்பைச் சாய்த்துச் சாய்த்துப் போய்வந்துகொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த மில்களிலும் செங்கல் இறங்கியது. கொத்தனார்களுக்குக் கிராக்கியாகிவிட்டது.

ஒரு நாள் காலை பெரியக்கா வேலைக்கு வந்தபோது செங்கல் அடுக்கு தன் மில் முற்றத்திலேயே இருந்தது. உள்ளே கொத்தனார் தறி வரிசைக்கு நடுவில் சுவருக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் வரிசைக் கல் பாதி வைத்தாகிவிட்டது.

மகன் அலுவலகத்திலிருந்து எழுந்து வந்தான். அம்மா எதுவும் கேட்பதற்கு முன்பே அவன் பேசத் தொடங்கினான். எல்லா மில்லும் சுவர் வைத்துவிட்டது. அவர்களுக்குச் சோதனை இல்லை, செலவு இல்லை; நமக்கு மட்டும் எல்லாம் உண்டு. துணி வாங்குகிறவன் நாணயம் பார்க்கமாட்டான், விலைதான் பார்ப்பான். பெரிய ஆர்டர் ஒன்று போன மாதம் எதிரே போய்விட்டது. இப்படியே போனால் பாதித் தறியை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று நீயே சொல் என்றான். அவன் சொன்ன எதுவும் பொய் இல்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவரு போட்ட சட்டத்துல இருக்கறதத்தாம்மா பண்றேன். தப்பா ஒண்ணும் பண்ணல."

"சித்தி உன்னை இடுப்புலயே தூக்கி வளர்த்தா."

அவன் முகம் சிவந்தது. "அது எனக்குத் தெரியாதா? நான் கதவப் பூட்டப்போறேன்னா சொன்னேன்? பூட்டவே மாட்டேன். சுவரு மட்டும்தான்."

"நீ பூட்டமாட்ட. உனக்கப்புறம் வர்றவன்?"

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நெய்கிறவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் எல்லோர் காதும் இங்கேதான் இருந்தது.

"தறி உன் பேர்ல இருக்கு. அத நீ என்ன வேணாலும் பண்ணு," என்றாள் பெரியக்கா. "கட்டடம் என் பேர்ல இருக்கு. இதுக்குள்ள ஒரு செங்கல்லு ஏறாது."

கொத்தனார் கரண்டியோடு நின்று அம்மாவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்த கல்லை எடுத்துவிடச் சொன்னாள். கலவை காயும் முன்னால் எடுத்தால் கல் வீணாகாது என்று அவர் நியாயமாகவே சொல்லி, எடுக்க ஆரம்பித்தார். மகன் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவள் அப்படியே மரக்கடைக்குப் போனாள். மரக்கடைக்காரர் லேசில் மசிகிற ஆள் இல்லை. ஓர் அடி இடம் விட்டாலும் நாளைக்குப் பத்து அடி கேட்பீர்கள் என்றார். அவள் அவர் கடையிலேயே ஒரு பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். மதியம் அவர் சாப்பிடப் போய்த் திரும்பினார், அவள் அங்கேயே இருந்தாள். இடத்துக்கு இடம் தருகிறேன் என்றாள். தெருப்பக்கம் மில் வண்டிகள் நிற்கிற கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பின்னால் ஒரு நடைபாதை மட்டும் கொடுங்கள். தெருப்பக்க இடம் என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லமுடியாத பேரம் அது. மில்லுக்கு நஷ்டம்தான் என்று அவளுக்கும் தெரியும். இனிமேல் வண்டிகள் வெயிலில் நிற்கட்டும்.

அதே கொத்தனார் மறுநாள் பின்சுவரை உடைத்தார். அந்தச் சுவர் கட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் பட்டதில்லை. முதல் கல் விழுந்ததும் ஒரு கீற்று வெயில் உள்ளே நுழைந்தது. அதில் பஞ்சுத் தூசி சுழல்வதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் எதைச் சுவாசித்துக்கொண்டிருந்தோம் என்பதே கடைசி வரிசைப் பெண்களுக்குத் தெரிந்தது. ஒருத்தி, கதவு வைத்த பிறகு மூடவே வேண்டாம் அக்கா, காத்து நல்லா வருது என்றாள்.

மகன் வீட்டில் அம்மாவோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டான், எடுத்தால் எழுந்தான். மருமகள் இருவருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோய்க் கொண்டுவந்து களைத்துப்போனாள். தச்சர் கதவுச் சட்டத்தை நிறுத்திக்கொண்டிருந்த அன்று அவன் பின்பக்கம் வந்து பேசாமல் நின்றான். கீல் வைத்த பக்கத்தைப் பார்த்தான். பிறகு தச்சரிடம், இது உள்ளே திறக்கும், மாற்றி வையுங்கள் என்றான். தச்சர் கழற்றி மாற்றும்வரை சட்டத்தைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரியக்கா அந்தப் பக்கம் போகவில்லை. தறிக்குப் பின்னால் குனிந்து இழைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரண்டு தறி நிற்க வேண்டியிருந்தது, ஆர்டர் இல்லை. யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல் வாரத்துக்கு ஒரு நாள் எல்லோருக்கும் வேலை குறைப்பது என்று அவனே ஆட்களைக் கூட்டிவைத்துச் சொன்னான். அவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒப்புக்கொண்டார்கள்.

முதலாளி ஊருக்கு வந்தபோது புதுக் கதவு வழியாக உள்ளே நுழைந்து, முன்கதவு வழியாக வெளியே வந்து, மறுபடி நுழைந்தார். புதுச் சட்டை போட்ட குழந்தைபோல் அவர் செய்ததைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள். பிறகு தெருவில் நடந்தார். ஒவ்வொரு மில் வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். சுவர், சுவர், சுவர். சில இடத்தில் பூச்சுக்கூடக் காயவில்லை. எதிர்மில்காரர் அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உபசரித்தார். எல்லாம் சட்டப்படிதான், நீங்கள் போட்ட சட்டம் என்றார். கிண்டல் இல்லை, நன்றியோடு சொன்னார். இவர் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே திண்ணையில் உட்கார்ந்தார். பெரியக்கா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ அன்னிக்கே கேட்ட. புகை கொஞ்சமா வருமான்னு," என்றார்.

"அத விடுங்க. இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"ஒரே வரிதான். அந்த ஐம்பத எடுக்கணும்."

"எடுப்பாங்களா?"

"எடுக்கமாட்டாங்க. அடுத்த தேர்தல்ல என்னைத் தோக்கடிப்போம்னு சங்கத்துக்காரங்க இப்பவே சொல்லிட்டாங்க. இருக்கற வரைக்கும் கேக்கறேன். வெளிய அனுப்பினா வெளிய நின்னு கேக்கறேன்."

"தொண்டை கட்டினா?"

"நீ வந்து கேளு."

அவள் சரி என்றாள். வேடிக்கையாகச் சொன்னதாக அவருக்குத் தோன்றியது. ஆனால் மறுநாள் காலை அவர் பெட்டியை எடுக்கும்போது பக்கத்தில் இன்னொரு பை இருந்தது. நீங்கள் பேசுவது பேசுங்கள், அந்த ஐந்து வீட்டு ஆட்களில் வர முடிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு நான் நாடாளுமன்ற வாசலில் உட்காருகிறேன் என்றாள். சின்னக்காவின் பெண் ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் நின்றாள். பாவு பிணைக்க மகனிடம் வேறு ஆள் சொல்லியாகிவிட்டது.

அவர்கள் தெருவில் இறங்கியபோது எதிர்மில்லில் ஏணி சாத்தியிருந்தது. பலகை எழுதுகிறவர் அதன்மேல் நின்று நாலாவது பெயர்ப்பலகையின் எழுத்துகளுக்குச் சிவப்பில் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று பலகைகளும் காய்ந்து பளபளத்தன. நாலிலும் வேறு வேறு பெயர், கீழே வேறு வேறு முதலாளி. ஏணிக்கடியில் வாசல் ஒன்றுதான். முதல் முறைக்கு வந்த பெண்கள் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றார்கள். தலையில் பெயிண்ட் சொட்டாமல் குனிந்து, நாலு மில்லுக்கும் உரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த ஒரே கதவுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.